அறிக்கை எழுதக் கொடுத்துவிட்டோம்

நம்மிடம் கணினி படிக்க வந்த தோட்டத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் பெயிலாகவில்லை. பெயிலாகியிருந்தால் பரீட்சைச் சபையில் யாராவது ஒருவர் பட்டியலைப் பார்த்து ஏன் இப்படி என்று கேட்டிருப்பார். அவர்கள் பாஸானார்கள். சி, சி பிளஸ் என்று எடுத்து, ஒன்றிரண்டு பாடங்களை ரிப்பீட் செய்து, வருடங்களை முடித்து, பட்டமளிப்பு அங்கியோடு படம் பிடித்துக்கொண்டு ஊருக்குப் போனார்கள். அந்தப் படங்கள் பசறையிலும் நமுனுகுலையிலும் பூணாகலையிலும் லயத்துக் காம்பராச் சுவர்களில் மாட்டப்பட்டிருக்கின்றன. ஆனால் அவர்களில் பலருக்குத் தனியாக உட்கார்ந்து நூறு வரியில் ஒரு செய்நிரலை எழுதி, அதை ஓடவைத்து, பிழை வந்தால் தேடிப் பிடித்துத் திருத்தத் தெரியாது. பட்டம் கொடுத்த நமக்கு இது தெரியும். தெரிந்தும் ஆசிரியர் அறையில் தேநீர் குடித்தபடி "அடிப்படை போதாது, ஆங்கிலம் போதாது" என்று பேசிவிட்டு அடுத்த விரிவுரைக்கு எழுந்து போனோம். இத்தனை காலமும் அதை அவர்களுடைய குறையாகவே எண்ணிவந்தோம். குறை நம்முடையது.

நாம் என்று நான் சொல்வது இந்நாட்டு அரச பல்கலைக்கழகங்களில் புரோகிராமிங்கும் மென்பொருள் பொறியியலும் கற்பிக்கிறவர்களை. லெப்பில் நிற்கும் போதனாசிரியர்களை. பாடத்திட்டக் குழுக்களில் கையொப்பமிட்டவர்களை. அதோடு, தோட்டத்திலிருந்து படித்து மேலே வந்து இன்று கொழும்பில் மென்பொருள் கம்பனிகளில் நல்ல சம்பளம் வாங்கும் நம் ஆட்களையும். என் ஊர் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம். படித்தது கணினி, படிப்பிப்பதும் அதுதான். ஆகவே இரண்டு வரிசையிலும் எனக்கு இடமுண்டு.

பதுளை மாவட்டத்தில், 2012 குடிசன மதிப்பீட்டின்படி, ஏறத்தாழ 18 வீதமானவர்கள் இந்தியத் தமிழர் என்று பதியப்பட்டவர்கள். ஹப்புத்தளை, பண்டாரவளை, ஹாலி-எல, பசறை, லுணுகலை, மடுல்சீமை என்று மலைக்கு மலை அவர்களுடைய லயங்கள். 2005ஆம் ஆண்டு பதுளையில், பசறைக்குப் போகும் வீதியில், ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. கணினி விஞ்ஞானமும் தேயிலைத் தொழினுட்பமும் ஒரே வளாகத்தில் பட்டப்படிப்புகளாக நடக்கும் இடம் அது. ஆனால் பல்கலைக்கழக அனுமதி நாடளாவியது என்பதால் பசறைப் பிள்ளை யாழ்ப்பாணத்துக்கும் போகும், வவுனியாவுக்கும் ஒலுவிலுக்கும் போகும், கொழும்புக்கும் போகும். அனுமதியில் 40 வீதம் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படையில், மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. பதுளையும் மொனராகலையும் அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருக்கின்றன. கோட்டாவுக்குத் தெரிவது மாவட்டம் மட்டுமே. பதுளை நகரில் தனியார் வகுப்புக்கு நடந்து போகும் பிள்ளையும், லுணுகலைக்கு மேலே ஒரு டிவிசனிலிருந்து ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வரும் பிள்ளையும் அதற்கு ஒன்றுதான். உள்ளே வந்த பிறகாவது அந்த வித்தியாசத்தைப் பார்க்கவேண்டியவர்கள் நாம். முதல் நாள் கொடுக்கும் படிவத்தில் ஊர் கேட்டோம், பாடசாலை கேட்டோம், இசட் புள்ளி கேட்டோம். வீட்டில் கணினி இருந்ததா, இதற்கு முன் ஒரு செய்நிரலாவது எழுதி ஓடவைத்திருக்கிறாயா என்று ஒரு வரி கேட்கவில்லை.

கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் கணினி அறிவு பற்றிய அளவீடுகளை நகரம், கிராமம், தோட்டம் என மூன்றாகப் பிரித்து வெளியிடுகிறது. தோட்டத்துறை எப்போதும் கடைசியில்தான் நிற்கிறது. சாதாரண தரத்துத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் பாஸ்கல் இருக்கிறது, உயர்தரத்தில் பைதன் இருக்கிறது. ஆனால் தோட்டப் பாடசாலை பலவற்றில் பாய்ச்சற் கோட்டுப்படம் கரும்பலகையில் வரையப்பட்டு, அப்படியே கொப்பியில் இறங்கி, மனப்பாடமாகிப் பரீட்சைத் தாளுக்குப் போகிறது. நடுவில் கணினி என்ற சாமான் வருவதேயில்லை. கணிதப் பிரிவில் இந்தப் பாடத்துக்குப் பதிலாக இரசாயனம் எடுத்துப் படித்த பிள்ளைக்கு உயர்தர இரண்டு வருடத்திலும் அந்தக் கரும்பலகைப் பழக்கமும் இல்லை. 2021இல் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது, லுணுகலைப் பக்கம் காட்டுக்குள் உயர்ந்த மரமொன்றில் கட்டிய பரணில் ஏறி இணைய சிக்னல் பிடித்துப் படித்த பிள்ளைகளின் படங்களை உலகப் பத்திரிகைகள் போட்டன. நாமும் அதைப் பகிர்ந்து கவலைப்பட்டோம். அதே மாதங்களில் நாம் சூம் வழியாக வாரந்தோறும் அசைன்மென்ட் கொடுத்து, நள்ளிரவு 12 மணிக்கு மேல் பதிவேற்றியவர்களுக்குப் புள்ளி வெட்டிக்கொண்டிருந்தோம்.

முதலாம் வருட லெப்பில் ஒரு பிள்ளைக்குப் பின்னால் பத்து நிமிடம் சும்மா நின்று பார்த்தாலே விஷயம் விளங்கும். எண்களின் கூட்டுத்தொகையைக் காணும் சின்னஞ்சிறு செய்நிரல், ஜாவாவில். மாறியின் பெயரைச் சிறிய எழுத்தில் அறிவித்துவிட்டு ஐந்து வரி கழித்துப் பெரிய எழுத்தில் தொடங்கி எழுதியிருக்கிறாள். கம்பைலர் "கெனாட் ஃபைண்ட் சிம்பல்" என்கிறது. எத்தனையாவது வரி என்று சொல்கிறது. பிழையான இடத்துக்கு நேர் கீழே ஒரு கூர்க்குறி போட்டும் காட்டுகிறது. அவள் அதை வாசிப்பதில்லை. சிவப்பு எழுத்தைக் கண்டதும் கை நடுங்குகிறது. எழுதிய அத்தனையையும் அழித்துவிட்டு, கொப்பியைப் பார்த்து முதல் வரியிலிருந்து மறுபடி தட்டுகிறாள். இந்தத் தடவை ஓர் அரைப்புள்ளி விடுபடுகிறது. மீண்டும் சிவப்பு. மீண்டும் அழிப்பு. கிழிந்த சேலையைத் தைக்காமல் எறிந்துவிட்டுப் புதிதாக நெய்யப் போவதுபோல இரண்டு மணி நேரம் கழிகிறது. பக்கத்துக் கணினியில் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே வீட்டில் கணினி வைத்திருந்த பையன் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு எழுந்து போய்விட்டான். நாம் நம் குறிப்பில் அவனைக் கெட்டிக்காரன் என்றும் அவளை மெதுவானவள் என்றும் எழுதினோம்.

அந்தப் பிழைச் செய்தி திட்டுவதல்ல, வழி காட்டுவது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? நம் பாடத்திட்டத்தில் நான்காம் கிழமை லூப், ஐந்தாம் கிழமை அணி, ஏழாம் கிழமை மெதட். பிழையை வாசிப்பதற்கு ஒரு கிழமை கிடையாது. செய்நிரலை ஒவ்வொரு வரியாக நிறுத்தி, மாறிக்குள் இப்போது என்ன இருக்கிறது என்று பார்க்கும் டிபக் கருவியை ஒரு முழு மணி நேரம் செலவழித்துக் காட்டியவர்கள் நம்மில் மிகச் சிலர். மென்பொருள் துறையில் வேலை செய்யும் எவரையும் கேளுங்கள், நாளின் பெரும் பகுதி பிறர் எழுதியதை வாசிப்பதிலும் பிழை தேடுவதிலுமே போகும் என்பார். நாம் படிப்பித்தது புதிதாக எழுதுவதை மட்டும். பரீட்சை வைத்ததோ தாளில், பேனாவால். தாளில் எழுதிய செய்நிரலுக்கு ஓடவேண்டிய கடமை இல்லை. அதனால் மனப்பாடக்காரர் தப்பினர். நாமும் தப்பினோம்.

புரோகிராமிங் தோட்டப் பிள்ளைக்கு மட்டும் கடினமானதல்ல. 2001இல் மைக்கல் மெக்ராக்கன் தலைமையில் ஆய்வாளர் குழுவொன்று பல நாடுகளின் பல்கலைக்கழகங்களில் முதல் பாடத்தை முடித்த மாணவர்களிடம் ஒரே விதமான செய்நிரல் வேலையைக் கொடுத்துப் பார்த்தது. 110 புள்ளிக்குச் சராசரி 22.89. வளர்ந்த நாடுகளிலும் முதல் வருடம் முடித்தவர்களுக்கு எழுதத் தெரியவில்லை என்பது அன்றைக்கே தெரிந்துபோயிற்று. 2014இல் வட்சனும் லீயும் உலகம் முழுவதிலுமிருந்து சேர்த்த கணக்கில், முதல் புரோகிராமிங் பாடத்தில் சித்தியடைந்தவர்கள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர்தான். நம்மில் பலர் இந்தக் கட்டுரைகளை வாசித்தவர்கள். சிலர் நம் ஆய்வேடுகளில் மேற்கோள் காட்டியும் இருக்கிறோம்.

அமெரிக்காவில் ஹார்வி மட் என்றொரு சிறிய கல்லூரி. அங்கே கணினி விஞ்ஞானத்தில் பெண்கள் பத்தில் ஒருவர் அளவுக்கே இருந்தனர். 2006ஐ ஒட்டிய ஆண்டுகளில் முதல் பாடத்தை மாற்றியமைத்தார்கள். முன்பே புரோகிராமிங் பழகியவர்களையும் பழகாதவர்களையும் வெவ்வேறு பிரிவுகளில் வைத்தார்கள். வகுப்பில் எல்லாம் தெரிந்தவனாக முந்திக்கொண்டு பேசும் ஒருவனால் மற்ற இருபது பேரும் வாய் மூடிப் போகும் நிலைமையைத் தடுத்தார்கள். சில ஆண்டுகளில் பெண்களின் பங்கு 40 வீதம் வரை உயர்ந்தது. மாணவிகளின் மூளை ஐந்து வருடத்தில் மாறியிருக்க முடியாது. முன் பழக்கத்தைத் திறமை என்று எண்ணிவந்த ஆசிரியர்களின் கண் மாறியது. நமக்கும் இரண்டு லெப் நேரங்கள் இருந்தன, பெச்சை இரண்டாகப் பிரித்துத்தான் அனுப்பினோம். பிரித்தது பதிவு இலக்கத்தின்படி.

மொழி பற்றிப் பேசும்போது நாம் ஆங்கிலத்தைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். சிலைட் ஆங்கிலத்தில் இருக்கிறது, சரி. ஆனால் வகுப்பில் ஒரு விஷயம் உண்மையில் விளங்கும் நேரம் நாம் சிலைட்டை விட்டு விலகி வாய்ப்பேச்சில் இறங்கும் நேரம். தெற்கில் பெரும்பாலான வளாகங்களில் அந்த இறக்கம் சிங்களத்துக்கு நடக்கிறது; வகுப்பு சிரிக்கிறது, தலையாட்டுகிறது, பின்வரிசையில் இருக்கும் ஏழெட்டுத் தமிழ்ப் பிள்ளைகள் சிலைட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பரீட்சை நெருங்க மூத்தவர்கள் எடுக்கும் குப்பி வகுப்பும் அதே மொழியில்தான். இந்த நாட்டில் புரோகிராமிங் படிப்பிக்கப்படுவது பாதிக்கு மேல் குப்பியில் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அதாவது நம் வேலையில் பாதியை மாணவர் தலையில் வைத்துவிட்டு, அங்கே யாருக்கு இடம் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று பார்க்காமல் இருந்தோம். தமிழர் பெரும்பான்மையாக இருக்கும் வளாகங்களில் நிலைமை நேராகிவிடும் என்று நம்பியவர்களும் உண்டு. அங்கேயும் "தோட்டக்காட்டான்" என்ற சொல் விடுதி வரைக்கும் போயிருக்கிறது. அது நம் காதிலும் விழுந்தது. மாணவர் விவகாரம் என்று நகர்ந்தோம். ஒரு தடவை தன் பேச்சுக்குச் சிரிப்பு வாங்கிய பிள்ளை லெப்பில் கை உயர்த்திக் கேள்வி கேட்குமா?

இதையெல்லாம்விட எனக்கு நெஞ்சு பொறுக்காதது குழுச் செயற்றிட்டம். 1968இல் ஜேர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ அமைப்பின் ஆதரவில் கூடிய மாநாட்டோடுதான் மென்பொருள் பொறியியல் என்ற பெயரே துறையில் நிலைத்தது. பெரிய மென்பொருளைத் தனிமனிதச் சாமர்த்தியத்தை நம்பிக் கட்டமுடியாது என்ற நெருக்கடியில் பிறந்த துறை அது. ஆகவே மாணவர்களை ஐந்தாறு பேராகச் சேர்த்து ஒரு வேலையைச் செய்யச் சொல்வதில் பிழையில்லை. முதல் கூட்டத்திலேயே வேலை பிரிந்துவிடும். நல்ல மடிக்கணினி வைத்திருப்பவன் கோட் எழுதுவான். வரையத் தெரிந்தவள் திரை வடிவமைப்பாள். ஒரு குரல் மெதுவாக வரும்: "எங்கிட்ட லெப்டொப் இல்ல, நான் ரிப்போர்ட்ட எழுதுறேன்." குழுவில் யாரும் மறுப்பதில்லை. அந்தக் குரல் பெரும்பாலும் தோட்டத்திலிருந்து வந்த பிள்ளையுடையது. 2021இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபா ஆனது, 2024இல் 1350. தாய் பல மாதம் வாங்கும் சம்பளத்தைச் செலவில்லாமல் சேர்த்தால்தான் ஒரு மடிக்கணினி. நாம் அந்தக் குரலைக் கேட்டோம். பொறுப்புள்ள பிள்ளை, ஏதோ ஒரு வேலையை எடுத்துக்கொண்டாள் என்று நினைத்தோம்.

கிட் என்ற கருவி எந்த வரியை யார், எந்த நாளில், எத்தனை மணிக்கு எழுதினார் என்பதை அப்படியே வைத்திருக்கும். அதைப் பயன்படுத்தும்படி மாணவர்களைக் கட்டாயப்படுத்தியவர்கள் நாமே. பார்க்க ஒரு சொடுக்கு போதும். நாங்கள் சிலர் பழைய செயற்றிட்டங்களைப் பின்னர் திறந்து பார்த்தபோது தோட்டப் பிள்ளைகளின் பெயர்கள் வந்த இடங்கள் இரண்டு: ஆவணக் கோப்புறை, ரீட்மி கோப்பு. சிலருடைய பெயரில் ஒரேயொரு பதிவு, அதுவும் எழுத்துப்பிழை திருத்தம். வைவாவில் குழுத் தலைவனிடம் கேட்டோம், அவன் சொன்னான், ஆறு பேருக்கும் ஒரே புள்ளி போட்டோம். அந்த ஒரே புள்ளியை நியாயம் என்று கருதினோம். மூன்றாம் வருடம் அறிக்கை எழுதியவள் நான்காம் வருடமும் அறிக்கை எழுதினாள். பயிற்சிக்குப் போன கம்பனியில் அவளுக்குக் கொடுத்ததும் ஆவண வேலை. அவள் வாய்விட்டுக் கேட்காத ஒன்றை நாம் நான்கு வருடமும் கொடுக்காமலே விட்டோம்.

அவர்களிடம் இல்லாததைத்தான் பார்க்கவில்லை என்றால், இருந்ததையும் பார்க்கவில்லை. தோட்டத்துப் பிள்ளை சின்ன வயதிலிருந்தே கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் கணக்கைக் கேட்டு வளர்கிறது. நாளுக்கு இத்தனை கிலோ என்று ஓர் எல்லை. அது தோட்டத்துக்குத் தோட்டம் 16, 18, 20 என்று மாறும், பருவத்துக்கும் மாறும். எல்லையைத் தொட்டால் முழுப்பேர், அதாவது முழுநாட் சம்பளம். தொடாவிட்டால் அரைப்பேர். தாண்டினால் மேலதிகக் கிலோவுக்குத் தனிக் காசு. நிறுக்கும்போது சாக்குக்கும் கொழுந்தின் ஈரத்துக்கும் என்று கிலோக் கணக்கில் கழிப்பார்கள். எவ்வளவு கழிக்கலாம் என்பதில்தான் காலங்காலமாகச் சண்டை. காலைக் கொழுந்து, பகல் கொழுந்து, அந்திக் கொழுந்து மூன்றையும் கூட்டி செக்ரோல் பதிவேட்டில் ஏறவேண்டும். மாத முடிவில் முற்பணம், சேமலாபநிதி, சந்தா, கோயில் பணம் எல்லாம் போக மீதி. இத்தனை நிபந்தனையையும் ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை மூச்சு விடாமல் சொல்லும், அம்மாவின் சம்பளத் துண்டை வைத்துக்கொண்டு எங்கே பிழை என்றும் காட்டும். இஃப், எல்ஸ், லூப், கூட்டுத்தொகை, எல்லை நிலைகளைச் சோதித்தல் என்று நாம் ஒரு பருவம் முழுக்கப் படிப்பிப்பது இதைத்தான். 18 கிலோ எல்லையாக இருக்கும் தோட்டத்தில் 20 கிலோ நிறுத்து 3 கிலோ கழித்தால் முழுப்பேரா அரைப்பேரா என்று லெப்பில் கேட்டிருந்தால் அந்தப் பிள்ளைதான் முதலில் கை உயர்த்தியிருக்கும். நாம் கேட்டது செல்சியஸ்-பாரன்ஹைட் வெப்பநிலை மாற்றம், வங்கி வட்டி, ஃபிபொனாச்சி.

செயற்றிட்டத் தலைப்புகளும் அப்படியே. ஹோட்டல் முன்பதிவு, நூலக முகாமை, மருந்தகப் பட்டியல், உடற்பயிற்சி நிலைய உறுப்பினர் பதிவு. வருடா வருடம் இவைதான். தேவையறிதல் என்ற அத்தியாயத்தை மூன்று கிழமை படிப்பித்தோம், ஒரு மாணவரையும் தோட்டத்தில் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்துக்கு அனுப்பவில்லை. பல தோட்டங்களில் இப்போது இலத்திரனியல் தராசு வந்துவிட்டது. அந்தத் தராசுக்குப் பின்னால் ஒரு மென்பொருள் இருக்கிறது. கழிவு எத்தனை கிலோ என்பது அதற்குள் ஓர் எண்ணாக எழுதப்பட்டிருக்கிறது. அந்த எண்ணை யார் மாற்றலாம், மாற்றினால் பதிவாகுமா, கொழுந்து எடுத்தவளுக்கு அது தெரியவருமா, துண்டு தமிழில் வருமா? ஒரு மென்பொருளால் பாதிக்கப்படுகிறவர் யார், பணம் கொடுத்து வாங்குகிறவர் யார், இருவரும் வெவ்வேறானவர்களாக இருந்தால் பொறியியலாளர் என்ன செய்யவேண்டும் என்ற கேள்வியை இதைவிடக் கிட்டத்தில் எந்தப் பாடப்புத்தகமும் காட்டாது. அந்த வகுப்பை எடுக்கத் தகுதியான பிள்ளைகள் நம் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்கள், ஹோட்டல் முன்பதிவுக்கு அறிக்கை எழுதிக்கொண்டு.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, ஆட்கள் அங்கேயே இருந்தார்கள். மாற்றுக் காணி இல்லாததே முதற்காரணம், அதை எந்த மென்பொருளும் தராது. ஆனால் மழை அளவு எங்கே பதிகிறது, யாருக்குப் போகிறது, எந்த மொழியில் போகிறது, இரவு இரண்டு மணிக்கு லயத்தில் யார் எழுந்து கதவைத் தட்டுவது என்பதெல்லாம் நம் துறையின் கேள்விகள். அந்த வருடமும் அடுத்த வருடமும் வந்த செயற்றிட்டத் தலைப்புகளை நினைத்துப் பார்க்கிறேன். மீரியபெத்தைக்கு உலர் உணவு சேர்த்தோம், லொறியில் அனுப்பினோம், நம் மாணவர்களும் கூட வந்தார்கள். திரும்பி வந்து மருந்தகப் பட்டியலுக்குப் புள்ளி போட்டோம்.

இனி நம் ஆட்களுக்கு, லயத்திலிருந்து போனவர்களுக்கு. நாம் தப்பிப் பிழைத்தது எப்படி என்பது நமக்குத் தெரியும். யாரோ ஓர் அண்ணன் பழைய கணினி ஒன்றைக் கொடுத்தார். யாரோ ஓர் ஆசிரியர் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சொல்லிக் கொடுத்தார். ஒரு லெப் உதவியாளர் கதவைப் பூட்டாமல் இரவு எட்டு மணி வரை காத்திருந்தார். மேடையில் அதைச் சொல்லாமல் "முயன்றால் முடியும்" என்றோம். 2023இல் மலையக மக்கள் வந்து 200 ஆண்டு என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். நம்மில் பலர் முகநூல் படத்தை மாற்றினோம், சிலர் நடந்தும் பார்த்தோம். பதுளைப் பாடசாலைகளுக்கு வந்து ஊக்கப் பேச்சுப் பேசினோம், பொன்னாடை போர்த்தினார்கள், படம் எடுத்தோம், மாலை ரயிலுக்கு ஓடினோம். ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து அதன் செய்நிரலில் ஒரு பிழையைச் சேர்ந்து தேடியவர்கள் எத்தனை பேர்? கம்பனியில் ஆளெடுக்கும் மேசையில் அமர்ந்தபோது, பாடசாலைப் பெயரைக் கண்டு மௌனமாக விண்ணப்பத்தைப் புரட்டியவர்களும் நம்மில் உண்டு. சொந்த ஊர்க்காரனுக்குச் சலுகை காட்டியதாக ஆகிவிடக்கூடாதே என்ற பயம் அது. அந்தப் பயத்துக்கு அவர்கள் விலை கொடுத்தார்கள்.

2022 நவம்பரில் சட்ஜிபிடி வந்தது. அறிக்கை எழுதும் வேலை அன்றிலிருந்து யாருக்கும் தேவையில்லாத வேலையாகிவிட்டது. அந்தப் பிள்ளைகளுக்கு நாம் விட்டுவைத்திருந்த ஒரே மூலை அது. இப்போது கம்பனிகள் கேட்பது, இயந்திரம் எழுதிய கோட்டை வாசித்து எங்கே பிழை என்று சொல்லும் ஆளை. வாசிப்பதையும் பிழை தேடுவதையும் யாருக்கு ஒருபோதும் படிப்பிக்கவில்லையோ அவர்கள்தான் முதலில் வெளியே நிற்பார்கள். அதே சட்ஜிபிடி தமிழில் கேட்டால் தமிழில் விளக்கும், இரவு இரண்டு மணிக்கும் சிரிக்காமல் பதில் சொல்லும். பழக்கிவிட்டால் குப்பியில் இடம் கிடைக்காத பிள்ளைக்கு அது பெரிய துணை. பழக்காமல் விட்டால் கொப்பியைப் பார்த்துத் தட்டியதுபோல இதைப் பார்த்துத் தட்டுவார்கள். எந்தப் பக்கம் போகிறது என்பது இந்த இரண்டு மூன்று வருடத்தில் நாம் செய்வதைப் பொறுத்தது.

சில சின்ன மாற்றங்களை நம்மில் சிலர் தொடங்கியிருக்கிறோம். முதல் கிழமையே முன் பழக்கத்தைக் கேட்டு லெப்பைப் பிரிக்கிறோம். வேண்டுமென்றே பிழை வைத்த செய்நிரலைக் கொடுத்து, எழுதச் சொல்லாமல் திருத்தச் சொல்கிறோம். குழுச் செயற்றிட்டத்தில் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, கிட் பதிவில் அவரவர் பெயரிலுள்ள வரிகளைத் திறந்து அதைப் பற்றியே கேட்கிறோம். அறிக்கை எழுதியவருக்கும் கோட்டில் ஒரு பகுதி கட்டாயம். சம்பளத் துண்டுக் கணக்கு இப்போது முதலாம் வருடப் பயிற்சிகளில் ஒன்று. சிங்களப் பிள்ளைகள் முதல் தடவையாகத் தமிழ்ப் பிள்ளைகளிடம் வந்து அரைப்பேர் என்றால் என்ன என்று கேட்டுப் போகிறார்கள். இவையெல்லாம் தனியாட்களின் முயற்சி, பாடத்திட்டத்தில் எழுதப்பட்டவை அல்ல. ஆள் இடம் மாறினால் அதோடு போய்விடும். எழுத்தில் ஏற்றாமல் இருப்பதும் நம் அலட்சியம்தான்.

பட்டம் பெற்றுப் போன பிள்ளைகளில் கணிசமானோர் இன்று ஊவாவின் தோட்டப் பாடசாலைகளில் கணினிப் பாடம் எடுக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி அண்மையில் தொலைபேசியில் கேட்டாள்: "சேர், பிள்ளைங்களுக்கு எரர் வந்தா எல்லாத்தையும் அழிச்சிர்றாங்க. டிபக் பண்ணுறத எப்படிப் படிச்சுக் குடுக்குறது? எனக்கே ஒழுங்கா வராது சேர்." நாம் கொடுக்காமல் விட்டது அவளோடு நிற்கவில்லை, அவள் வழியாகப் பத்தாம் வகுப்புக்கும் போயிருக்கிறது. அவளைப் போன்ற ஆசிரியர்கள் நாற்பது ஐம்பது பேரைச் சேர்த்து, டிசம்பர் விடுமுறையில் பசறையில் ஒரு கிழமை பிழை தேடும் பயிற்சி நடத்த நினைக்கிறோம். பழைய மடிக்கணினி தருகிறோம் என்று கொழும்பிலிருந்து பலர் சொல்லியிருக்கிறீர்கள், நன்றி, அதுவும் வேண்டும். ஆனால் இப்போது குறைவது ஆள். ஒரு கிழமை லீவு போட்டு, பசறையில் தங்கி, ஓர் ஆசிரியையின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, விசைப்பலகையைத் தான் தொடாமல் அவள் கையாலேயே பிழையைக் கண்டுபிடிக்க விடுகிற ஆள். இன்றைக்கு நம்மிடம் ஆறு பேர் இருக்கிறார்கள். இருபது பேராவது வேண்டும்.